உயிரோடு அழுதவளுக்குத் திறக்காத கதவு

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் அன்புக்குரிய கருணாகரன் அய்யா அவர்களே, மயிலாப்பூர் வாசகர் வட்டத்து மூத்தவர்களே, வெயில் தாழுமுன்பே வந்து முன்வரிசையை நிறைத்துவிட்ட தாய்மார்களே, இடமின்றி நின்றபடி கேட்கும் நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

'கோதிக் கதைகளில் மனித மனத்தின் வலிமையும் வலுவின்மையும்' என்பது எனக்குத் தந்த தலைப்பு. கோதிக் என்றால் மேலைநாட்டு அச்சக்கதை: பாழடைந்த மாளிகை, பூட்டிய அறை, உள்ளிருந்து ஓர் அழுகுரல். எனக்கு முன் பேசிய நண்பர் இவையெல்லாம் பொய்ப்பயம் என்றார், பொறுத்துக்கொண்டேன். நம் ஊரில் ஏது மாளிகை என்றும் கேட்டார். இனிப் பொறுப்பதற்கில்லை.

மாளிகை எதற்கு? அடையாற்றங்கரையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு போதும். அங்கே மூன்றாவது மாடியில் தாயம்மா என்றொரு பெண் இருந்தாள். கணவன் கையால் அடிபட்டு அடிபட்டு, ஒருநாள் எழாமலே போனாள். அவன் சிறைக்குப் போனான், வீடு பூட்டிக் கிடந்தது. சில மாதங்களில், அந்த வீட்டில் அழுகுரல் கேட்கிறது என்றார்கள் அக்கம்பக்கத்தார். வாசலில் எலுமிச்சை கட்டினார்கள், வேப்பிலை செருகினார்கள்.

நான் கேட்கிறேன். உயிரோடு அவள் அழுதபோது எங்கே போயின இந்தக் காதுகள்? அவள் அலறியபோது அடைத்துக்கொண்ட கதவுகள், அவள் ஆவியானபின் அஞ்சுவது ஏன்? இது பேய்க்குப் பயமா, பழிக்குப் பயமா?

பூட்டிய அந்த வீட்டுக்குக் குடிவந்தாள் தாயம்மாவின் தங்கை மணிமொழி. தியாகராய நகர்த் துணிக்கடையில் வேலை. வேறு போக்கிடமில்லை. கீழ்வீட்டுச் சேட்டு தடுத்துப் பார்த்தார்.

"இன்னாம்மா நீ, உங்க அக்கா அங்க அழுதுகினு கீறா. போவாத."

"எங்க அக்காதானே அண்ணே. அழுதா கூட உக்காந்துக்கிறேன்."

அவளுக்குப் பயமில்லையா என்று கேட்கிறீர்கள், முன்வரிசையில் இருக்கும் அம்மா. பயந்தாள். முதல் இரவு முழுதும் விளக்கை அணைக்கவில்லை என்று என்னிடமே சொன்னாள்.

ஒரு மாலை உலை கொதிக்கும்போது அந்த விம்மல் கேட்டது. வாய்பொத்தி அழும் விம்மல். நடுங்கினாள், ஆனால் ஓடவில்லை. சுவரில் காது வைத்தாள். குரல் சுவருக்கு அந்தப்பக்கமிருந்து வந்தது. அங்கே, பக்கத்து வீட்டில் இருந்தவள், அண்மையில் மணமாகி வந்த அன்புச்செல்வி. ஊரே பேயென்று ஒதுக்கிய குரல், உயிருள்ள ஒருத்தியின் குரல்.

மணிமொழி போய்க் கதவைத் தட்டினாள். புருஷன்காரன் திறந்தான்.

"இன்னா வோணும்?"

"அன்புவ கூட்டினு போவணும்."

"எம் பொண்டாட்டிய கேக்க நீ யாரு?"

"தாயம்மா தங்கச்சி."

குரல் உடைந்துதான் வந்தது. ஆனால் அந்தப் பெயர் மாடி முழுதும் கேட்டது. ஒரு கதவு திறந்தது, இன்னொன்று திறந்தது. சேட்டு படியேறி வந்து, "வழிய வுடு நைனா" என்றார். வீங்கிய முகத்தோடு, செருப்புகூட இல்லாமல் வெளியே வந்தாள் அன்புச்செல்வி. இன்று அசோக் நகரில் தாய்வீட்டில் இருக்கிறாள். வழக்கு நடக்கிறது.

வலிமை வேறு, வலுவின்மை வேறு என்று எவர் சொன்னது? நடுங்கிய கைதானே தட்டியது? உடைந்த குரல்தானே அத்தனை பேரையும் வெளியே அழைத்தது? அஞ்சாதவனைப் பற்றிய கதை எனக்கு வேண்டாம். அஞ்சி அஞ்சி அடுத்த அடி வைத்தவளின் கதைதான் எனக்கு இலக்கியம்.

இன்று வீடு திரும்புவீர்கள். பக்கத்து வீட்டில் ஒரு பெண் விம்மினால், தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டாதீர்கள். எழுந்து போங்கள். பயந்துகொண்டே போங்கள். ஆனால் போங்கள்.

என் சினத்தையும் பொறுத்துக் கேட்ட பெரியோர்களுக்கும், கண்களைத் துடைத்துக்கொள்ளும் தாய்மார்களுக்கும் நன்றி சொல்லி, கைகூப்பி அமர்கிறேன். வணக்கம்.