சூட்டுச் சோதனை: சரி

கோடை வந்தால் நான் காப்பிப்பொடியைக்கூட நிலவறையில்தான் வைப்பேன். சூடு பட்டால் எந்தப் பொருளும் தன் குணத்தில் நிற்பதில்லை. வெண்ணெய் அப்படி, பசை அப்படி, வெடிமருந்தும் அப்படித்தான். நீங்கள் எழுதிக்கொண்டே வாருங்கள் மேடம், நான் நிதானமாகவே சொல்கிறேன். எனக்கு இன்று வேறு வேலை எதுவும் இல்லை.

என் பெயர் எங்கல்பெர்ட் சப்லாட்னிக். இந்த ஆஸ்திரிய மலையூர் ஃபெர்லாக்கில் வென்செல் மாஸ்டரின் பட்டறையில் இருபத்தெட்டு வருடமாக இருக்கிறேன். துப்பாக்கி செய்வது அவர், அதற்கு ஏற்ற தோட்டாவைக் கையால் அடைத்து அமைத்துக் கொடுப்பது நான். என் மனைவி இர்ம்ட்ராட் அதே பட்டறையில் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து துப்பாக்கித் தகடுகளில் மானும் பன்றியும் செதுக்குவாள்.

இரட்டைக் குழல் துப்பாக்கி பிடிவாதம் பிடித்தது. அதற்குப் பழகிய தோட்டாவைப் போட்டால் இரண்டு குண்டும் அக்கம்பக்கமாக ஒரே இடத்தில் விழும். மருந்து கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் இரண்டும் ஆளுக்கொரு திசையில் போய்விடும். எங்கள் ஊர்த் துப்பாக்கிகள் பாதி வெப்ப நாடுகளுக்குப் போவதால் மாஸ்டர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். அடைத்த தோட்டாக்களைச் சூட்டு அலமாரியில் ஒரு பகல் முழுக்க வைத்து, சூட்டோடு சுட்டுப் பார்க்க வேண்டும். சில மருந்துகள் வெயிலைச் சட்டை செய்யாது. சில மருந்துகள் வெயிலில் மூர்க்கமாகிவிடும், தோட்டாவின் பித்தளைக் கூடு உப்பிக் குழலுக்குள் இறுகிக்கொள்ளும், துப்பாக்கி திறக்காது, அடுத்த தோட்டாவைப் போட முடியாது. ஒவ்வொரு பெட்டியோடும் போகும் தாளில் கடைசி வரி, ‘சூட்டுச் சோதனை’. அதற்கு எதிரில் நான் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஈஸ்டர் வாரத்தில் அந்த அலமாரியில் தோட்டா இருக்காது. இர்ம்ட்ராட் தன் ரைண்ட்லிங் கேக்குக்குப் பிசைந்த மாவை அதில் பொங்க வைப்பாள். மாஸ்டர் பார்த்தும் பார்க்காததுபோல் போவார், பிறகு பெரிய துண்டாகக் கேட்டு வாங்கிக்கொள்வார்.

டாக்டர் லிண்ட்லர் ஃபில்லாக்கில் பல் மருத்துவர். ஆப்பிரிக்க எருமைக்கென்று ஒரு இரட்டைக் குழல் செய்யச் சொன்னார். மூன்று வருடத்தில் துப்பாக்கி தயாரானது, தகட்டுச் செதுக்கல் மட்டும் பாக்கி. இர்ம்ட்ராட்டுக்கு அப்போதே உடம்பு சரியில்லை. ஈரலில் கட்டி. இருந்தும் இதை நான்தான் செய்வேன் என்று ஐந்து மாதம் உட்கார்ந்து அந்த எருமையைச் செதுக்கினாள். நவம்பரில் டாக்டர் வந்து தகட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது எருமையா, இல்ல நம்ம மலைல மேயுற பால்மாடா?” என்றார். “கழுத்துல மணி ஒண்ணுதான் குறைச்சல்.”

“மணியும் வெட்டித் தரவா டாக்டர்? அதுக்குத் தனியா எதுவும் வேண்டாம்,” என்றாள் இர்ம்ட்ராட். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

டாக்டர் சிரித்துவிட்டு, இதைச் சீவிவிட்டு வேறு ஆளை வைத்துச் செதுக்குங்கள் என்று சொல்லிப் போனார். சீவியது மாஸ்டர். தகட்டை அசையாமல் பிடித்துக்கொண்டது இர்ம்ட்ராட். முடிந்ததும் தூளைத் துணியால் துடைத்து, மேசையையும் துடைத்து, விளக்கை அணைத்தாள். வீட்டுக்கு வரும் வழியில், “அவர் சொன்னது தப்பில்ல எங்கல்பெர்ட். கொம்பு வளைவுல என் கை நடுங்கிருச்சு. நீ இதை மனசுல வச்சுக்காத,” என்றாள். பிப்ரவரியில் இறந்துபோனாள்.

டாக்டரின் பேச்சால் அவள் சாகவில்லை. கட்டியால் செத்தாள். நான் நியாயம் தெரியாதவன் இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். அந்த வசந்தத்தில் எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. காலையில் எழுந்தேன், சவரம் செய்தேன், வேலைக்குப் போனேன். சூப்புக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்பதுகூடத் தெரியாமல் சாப்பிட்டேன்.

ஜூலையில் டாக்டர் புதிய எருமை செதுக்கிய துப்பாக்கியோடு வந்தார். அதற்குப் பழக்கிய கம்பெனித் தோட்டா இப்போது வருவதில்லை, நானே அடைத்துத் தர வேண்டும் என்றார். அக்டோபரில் சாம்பியா போகிறாராம். கையில் ஒரு தொப்பிப் பெட்டி வைத்திருந்தார். உள்ளே பச்சைக் கம்பளித் தொப்பி, ஓரத்தில் மான்முடிக் குஞ்சம்.

“இது லாக்சனுக்கு. என் தடம் பார்க்கிற ஆளு. போன தடவையே நம்ம ஊர் தொப்பி கேட்டான்,” என்றார். “ஆறு வருஷமா எனக்கு முன்னாடி ரெண்டடி போறவன்யா அவன். அவன் கண்ணு இல்லன்னா எனக்கு ஒரு முயல்கூடக் கிடைக்காது.”

“அங்க வெயில் எப்படி டாக்டர்?”

“அக்டோபர்லயா? கார் கதவைத் தொட்டா கை பொசுங்கும்.”

சரி என்றேன். அவர் போன பிறகு சூட்டு அலமாரிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். நிஜ எருமை எப்படி இருக்கும் என்று டாக்டர் அதன் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், கையில் திறக்காத துப்பாக்கியோடு பார்க்க வேண்டும் என்று தோன்றியது. தோன்றியதில் சூடு எதுவும் இல்லை. பால் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும் என்று தோன்றுவதுபோல்தான் இருந்தது.

ஆறு வாரம் உழைத்தேன். என் வாழ்நாளில் அதைவிட நல்ல தோட்டா நான் அமைத்ததில்லை. மூர்க்கமாகும் மருந்தைத்தான் தேர்ந்தெடுத்தேன். கீழே நிலவறையில் இருக்கும் சுடுமிடம் கோடையிலும் குளிர்ந்தே இருக்கும். அங்கே வலக்குழல் குண்டும் இடக்குழல் குண்டும் ஒட்டிக்கொண்டு விழுந்தன. டாக்டர் அந்தக் குறி அட்டையைச் சட்டம் போட்டுத் தன் மருத்துவமனையில் மாட்டப்போவதாகச் சொன்னார்.

அக்டோபரில் நடந்தது உங்கள் வழக்குக் காகிதத்தில் இருக்கிறது. முகாமில் விடியற்காலைக் குளிரில் சுட்டுப் பார்த்தபோது எல்லாம் ஒழுங்கு. மூன்றாம் நாள் மதியம், வெயிலில் நான்கு மணி நேரம் இடுப்பு வாரில் இருந்த தோட்டாக்கள். முதல் குண்டு எருமையின் வயிற்றில், இரண்டாவது எங்கேயோ. எருமை திரும்பிப் பாய்ந்து வந்தது. துப்பாக்கி திறக்கவில்லை. கூடப் போன தொழில்முறை வேட்டைக்காரர் சுட்டு அது விழுந்தது, ஆனால் கொஞ்சம் தாமதமாக. டாக்டருக்குத் தோள்பட்டை உடைந்தது. முன்னால் நின்ற ஆள் இறந்துபோனான். சாயங்காலம் யாரோ முழங்காலை வைத்து அழுத்தித் துப்பாக்கியைத் திறந்து, உப்பிய கூடுகளைத் தூர எறிந்துவிட்டார்கள்.

மிச்சத் தோட்டாக்களை ஜனவரியில் வியன்னா நிபுணர் சுட்டுப் பார்த்தார். ஜனவரிக் குளிரில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். என் தாளைப் பார்த்தார், ‘சூட்டுச் சோதனை: சரி’ என்று இருந்தது. ஆகவே தோட்டாவில் குறையில்லை, துப்பாக்கியைத் திறந்து மூடும் பூட்டு வேலையில் குறை என்று அறிக்கை எழுதினார். டாக்டர் மாஸ்டர்மேல் வழக்குப் போட்டார்.

போன வாரம் வென்செல் மாஸ்டர் ஏணி போட்டு ஏறிப் பட்டறைப் பெயர்ப்பலகையைக் கழற்றினார். எழுபத்திரண்டு வயது. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

“என் கை தப்புப் பண்ணிருக்குமாடா எங்கல்பெர்ட்?” என்று மேலே இருந்து கேட்டார். “நீ அதைச் சூட்டோட சுட்டியே. அப்ப திறந்துச்சு இல்ல?”

“சுலபமா திறந்துச்சு மாஸ்டர்,” என்றேன்.

அவர் பலகையை மார்போடு அணைத்து இறங்கினார். அந்த முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஒரு வருடத்தில் எனக்கு ஏதோ ஒன்று வலித்தது அன்றுதான். அதனால் இன்று வந்தேன். தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்: அந்தத் துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை. ஆகஸ்டில் நான் தோட்டாக்களைச் சூடாக்கிச் சுட்டேன். கூடுகள் இறுகிக்கொண்டன. மரச்சுத்தியலால் துப்பாக்கியின் திறப்பு நெம்புகோலைத் தட்டித்தான் திறந்தேன், அதுவும் பதினொரு தட்டு. பிறகு கை கழுவிவிட்டு வந்து ‘சரி’ என்று எழுதினேன். அதே மருந்தில் இன்னும் இரண்டு பெட்டி அடைத்தேன்.

அந்த இன்னொரு ஆளைப் பற்றிக் கேட்கிறீர்கள். அவன் என் கணக்கிலேயே இல்லை மேடம். நான் நினைத்தது டாக்டரை மட்டும். அவனை நான் பார்த்ததுகூட இல்லை, அவன்மேல் எனக்கு என்ன பகை. உங்கள் காகிதத்தில் அவன் பெயரை வாசித்தபோது யாரோ என்றுதான் இருந்தது.

டாக்டர் தோட்டாப் பெட்டிகளை எடுத்துப்போக வந்த அன்று தொப்பிப் பெட்டி மழையில் நனைந்து கிழிந்திருந்தது. அவர் காரைக் கொண்டுவரப் போனார். நான் தொப்பியை எடுத்துத் துடைத்தேன், பழுப்புக் காகிதத்தில் சுற்றினேன். லாக்சனுக்குத் தலை சின்னது என்று அவர் சொல்லியிருந்தார். முன்னால் நடக்கிறவனுக்குத் தொப்பி நழுவிக் கண்ணை மறைக்கக் கூடாதே என்று, சுற்றுவதற்கு முன் தொப்பியின் உள்பட்டிக்குள் செய்தித்தாளை நான்காக மடித்து வைத்தேன்.