முன் அனுபவப் பலகையைக் கழற்றிய ஆய்வு

மாண்பமை தலைவர் பிரசன்னா சேச்சி அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே! மழையை மதியாமல் மடியில் மழலையோடு வந்திருக்கும் தாய்மாரே! வைக்கம் காயலோரத்து வலைக்காரி ரம்லத்தின் வணக்கம்!

இன்று நூலாக வெளிவரும் ஆய்வை எழுதியவர், இதோ வெட்கப்பட்டுக் குனிந்திருக்கும் பொருளியல் ஆய்வாளர் ஹேமலதா வாரியர். வேலையும் காலியாகக் கிடக்கிறது, ஊரும் வேலையின்றிக் கிடக்கிறது, இது எப்படி? அதுவே அவர் தொடுத்த கேள்வி! அந்தக் கேள்விக்குள் அகப்பட்டுக் கிடந்தவள் நான். ஔசேப்பச்சன் முதலாளியின் மீன்வலை ஆலையில் பாதி எந்திரங்கள் ஆளின்றி உறங்கின. வாசலில் பலகை: 'ஆட்கள் தேவை. முன் அனுபவம் கட்டாயம்.' போய்க் கேட்டேன், விரட்டினார்கள். மீண்டும் கேட்டேன், மீண்டும் விரட்டினார்கள். எந்திரங்களை விற்றுவிட முதலாளி ஆள் தேடத் தொடங்கினார்.

அப்போது வந்தார் ஹேமலதா. "முதலாளி, தெற்கு வாசல் பலகை அப்படியே இருக்கட்டும். வடக்கு வாசல்ல அனுபவம்ங்கிற பேச்சே வேணாம். 'கத்துத் தர்றோம்'னு மட்டும் எழுதுங்க. எது நிறையுதுன்னு பாப்போம்."

"ஒண்ணும் தெரியாதவள உக்கார வச்சா ஆலை உருப்படுமா டீச்சரே?"

"நீங்க முதலாளி ஆகறதுக்கு முன்னாடி எத்தன ஆலைக்கு முதலாளியா இருந்தீங்க?"

சிரிக்கிறீர்கள்! அன்று அவரும் சிரித்தார். சிரித்ததால் சம்மதித்தார்.

தெற்கு வாசலில் காக்கை உட்கார்ந்திருந்தது. வடக்கு வாசலில் கூட்டம் நெரிந்தது, அதில் நானும் ஒருத்தி! முதல் நாள் என் வலை முழுக்கச் சிக்கு. "இதுல மீனு மாட்டாது, நான்தான் மாட்டுவேன்!" என்று கத்தினார் முதலாளி. அழுதேன். ஆனாலும் மறுநாள் போனேன்.

மாதக் கடைசியில் பழையவர் வலையையும் புதியவர் வலையையும் ஹேமலதா கலந்து பரப்பினார். முதலாளி இழுத்தார், முறுக்கினார், ஒன்றை உயர்த்திப் பிடித்தார்.

"இது நம்ம பழைய ஆளு கை! சந்தேகமே வேணாம்."

"முதலாளி, அது என் வலை!"

ஆலையே ஆர்ப்பரித்தது! "அப்படியா மோளே? டேய், அந்தத் தெற்கு வாசல் பலகையைக் கழட்டுங்கடா!" என்றார். அதோ, கடைசி வரிசையில்! என்ன முதலாளி, சரிதானே? பாருங்கள், தலையாட்டுகிறார்!

காயலோரத்து மற்ற ஆலைகளிலும் ஹேமலதா இதையே செய்து பார்த்தார். அங்கும் அதே விடை. சோம்பேறிகள் என்றார்களே எங்களை! எங்களிடம் இல்லாதது தெம்பா? திறமையா? தேடலா? இல்லை, இல்லை, இல்லவே இல்லை! எங்களுக்கு இல்லாதிருந்தது முதல் நாள்! அந்த முதல் நாளைத் தராமல் அனுபவம் எங்கே என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

கேட்ட செவிகளுக்கும் தட்டிய கைகளுக்கும் நன்றி. அதிகம் பேச ஆசைதான். ஆனால் விடிந்தால் எனக்கு வேலை இருக்கிறது! வணக்கம்!