மச்சானுக்காக ஒரு தகரக் கித்தார்

நீங்கள் உள்ளே வந்தபோது தந்தியை முறுக்கிக்கொண்டிருந்தேன், ஐயா. பாதியில் விட்டால் தளர்ந்துவிடும். அதனால்தான் எழுந்து நிற்கவில்லை. மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம். தேநீர் கொதித்துவிட்டது. குடித்துவிட்டே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம்.

என் கித்தாரை இந்தப் பாலைவன ஊர் தமன்ராசெத்தில் அறியாதவர் இல்லை. எண்ணெய்த் தகரம்தான் உடம்பு. சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்தால் தந்தி. பழைய ரேடியோக் காந்தத்தில் செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டால், தந்தியின் துடிப்பு ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் போய் ஊரையே எழுப்பும்.

முதலில் செய்தது மரத்தில். அதைக் கூமர் அடுப்பில் வைத்துவிட்டான். கூமர் என் தாய்மாமன் மகன். வடக்கேயிருந்து வந்த உங்களுக்கு விளங்காது. எங்கள் துவாரெக் ஜனங்களில் மாமன் மகன் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம், கையில் இருப்பதைப் பிடுங்கலாம். நாம் சிரிக்க வேண்டும். முகம் சுளித்தவனை ஊர் சாகும்வரை விடாது.

"இப்பத்தான் மச்சான் உன் கித்தார் நல்லாப் பாடுது. சடசடங்குது பாரு" என்றான், எரிகிற மரத்தின் மேல் தேநீர்க் குவளையை வைத்து.

பக்கத்தில் டாசின் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளைத்தான் பெண் கேட்டிருந்தேன். விறகுக்காரனுக்குப் பெண் இல்லை என்று மறுநாளே அவள் அம்மா சொல்லியனுப்பினாள். அதற்கும் ஊர் சிரித்தது. நானும் சேர்ந்துகொண்டேன்.

தகரம் எரியாது அல்லவா, அதனால் தகரத்துக்கு மாறினேன்.

ஒலிபெருக்கிப் பெட்டியில் ஒரு கோளாறு இருந்தது. தந்தியைத் தொட்டால் மின்சாரம் கடிக்கும். ரப்பர் செருப்போடு வறண்ட இடத்தில் நின்றால் அவ்வளவாகத் தெரியாது. சரிசெய்யத் தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும்.

டாசினின் தங்கைக்குக் கல்யாணம். என்னை வாசிக்கக் கூப்பிட்டார்கள். ஆடுகளத்தில் புழுதி அடங்கப் பெண்கள் தண்ணீர் தெளிப்பார்கள். போதாது, இன்னும் ஊற்றுங்கள் என்றேன். மணல் நன்றாக ஊறிவிட்டது. நான் ஒரு பலகை மேல் நின்று வாசித்தேன். கூமர் ஆடும்போது எப்போதும் வெறுங்கால்தான்.

"கழுதை கனைச்சது போதும் மச்சான். இங்க குடு."

அவனாகத்தான் பிடுங்கினான் என்று ஊரே சாட்சி சொல்லும். பொய் இல்லை. பிடுங்கட்டும் என்றுதான் செய்தேன். பெட்டிக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டரை மட்டும் முன்னதாக அணைத்திருந்தேன், எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று சொல்லி. அவன் களத்தின் நடுவே போய்த் தந்தியை இறுகப் பிடித்த பிறகு மறுபடி ஓடவிட்டேன்.

அவன் துள்ளினான். எங்கள் ஆண்கள் தலைப்பாகையால் வாயை மூடியிருப்பார்கள். முகம் கோணியது யாருக்கும் தெரியவில்லை. கோமாளித்தனமா, வேறு ஏதாவதா என்று புரியாமல் எல்லாரும் திகைத்துப்போய் என்னைத்தான் பார்த்தார்கள். இரண்டு பேர் ஓடிவரக்கூட எழுந்தார்கள்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன், ஐயா. கையைத் தூக்கி, "ஆடு மச்சான், ஆடு" என்றேன்.

எழுந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். களமே சிரித்தது. பெண்கள் குலவை போட்டார்கள். டாசினும் போட்டாள்.

ஜெனரேட்டரின் விசை என் விரலுக்குக் கீழேயே இருந்தது. கூமரின் கண் அந்த விரலையே பார்த்தது. குலவை ஓய்ந்த பிறகுதான் அணைத்தேன்.