பேச்சித்தாய் விரல்

ரொம்பக் காலம் முந்தி, தேரிக்காட்டுக்கு மேக்கே உடங்குளம்னு ஒரு ஊர். அந்த ஊர் மாடன் கோயிலுக்குச் சாமியாடி மாசானமுத்து. அவருக்கு அக்கா பேச்சித்தாய். நாங்க எல்லாம் அவ வயித்து வழி.

அப்போ சாமியாடிக்குக் கால்மணியை முட்டிக்குக் கீழே தோல்வாரால கட்டுவாங்களாம். கோயில் திருவிழாவுக்குக் கால்நாட்டுற அன்னைக்குக் கட்டினா, கொடை முடிஞ்சுதான் அவுக்கணும். தூங்கினாலும் அதோடதான். ஒரு வருஷக் கொடைக்கு மாசானமுத்து கடும் விரதம். ஒரு நேரக் கஞ்சி. கால் மெலிஞ்சு வார் நழுவுச்சு. நழுவ நழுவ இறுக்குனாராம். மெலிய மெலிய இறுக்குனாராம்.

கொடைக்கு முந்தின நாள் எந்திரிச்சா, வலது பாதம் தூக்க வரல. வலி இல்ல. தொங்குது. விரல் தரையில இடறுதுன்னு முட்டியை உசர உசரத் தூக்கி வச்சாராம். பாதம் சப்புனு விழுமாம்.

"என்னவே, இந்த வருஷம் சாமி கொக்கு மேல வருதா?"ன்னு ஒருத்தன் சிரிச்சான்.

பங்காளி சிவனணைஞ்சான் சிரிக்கல. "விரதத்துல எவ வீட்டுக்கோ போயிருக்கான். மாடன் காலைப் பிடிச்சிட்டாரு. வல்லயத்தை எங்கிட்டக் குடுங்க"ன்னான்.

வல்லயம்னா சாமியாடி கைப்பிடிக்கிற ஈட்டி. அது போச்சுன்னா, விரதம் கெட்டவன்கிற பேரு சாகுற வரைக்கும் நிக்கும். ஊர்ப்பெரியவரும் தலையை ஆட்டிட்டாராம்.

பேச்சித்தாய் வந்தா. தம்பியை உக்கார வச்சா.

"பாதத்தைக் கீழ அமுக்குல." அமுக்குனார்.

"மேல தூக்கு." வரல.

பாதத்து மேல்பக்கம் கிள்ளுனா. "தெரியுதால?"

"மரத்துக் கெடக்கு யக்கா."

காலோட வெளிப்பக்கமாவே தடவிக்கிட்டு மேல போனாளாம். முட்டிக்குக் கீழ எலும்பு முண்டிக்கிட்டு நிக்கிற எடத்துல வார் பதிஞ்சு கெடந்துச்சு. அங்க தட்டுனா, பாதம் வரைக்கும் சுரீர்னுச்சாம்.

"வாதம்னா கையும் வாயும் கோணும். சாமி பிடிச்சா முழு ஆளையும் பிடிக்கும். இது வார் பிடிச்ச நரம்பு"ன்னு சொல்லி, அருவாளை எடுத்து வாரை அறுத்துட்டாளாம். மணியெல்லாம் செதறுச்சு. ஊரே பதறுச்சு.

"கால் வரலைன்னா?"ன்னார் பெரியவர்.

"நாளைக்கு வராது. வந்த அன்னைக்கு வல்லயத்தைத் திருப்பித் தரணும். வராமலே போனா, எங்க வீட்டு ஆளு கோயில் வாசல் மிதிக்காது."

அந்தக் கொடைக்குச் சிவனணைஞ்சான்தான் ஆடினான்.

பழஞ்சேலைக் கிழிசலைத் தம்பி பாதத்துக்கு அடியில குடுத்து, நுனியை இடுப்புல கட்டிவிட்டா. விரல் இடறல. அதோடயே ஆடு மேய்ச்சாராம். ஆடி போச்சு. ஐப்பசி மழை வந்துச்சு. பாதம் அசையல. அவ தண்ணிக்குப் போனா கெணத்தடியே முகத்தைத் திருப்பிக்குமாம்.

கார்த்திகை வாக்குல, காலை நீட்டி வெயில் காஞ்சுக்கிட்டு இருந்தப்ப, பெருவிரல் லேசா மேல வந்துச்சு. "யக்கா! யக்கா!"ன்னு கத்துனாராம். வந்து பார்த்தா. கிழிசலை அவுத்து மடிச்சு வச்சாளாம்.

மறு சித்திரைக்கு வல்லயத்தைச் சிவனணைஞ்சானே கொண்டாந்து குடுத்தான். மணியைக் கணுக்கால்ல கட்டி, வாருக்குள்ள விரலை விட்டுப் பார்த்துட்டுத்தான் பேச்சித்தாய் தம்பியை ஆட விட்டாளாம். ஓடும்போது மட்டும் அந்தக் கால் கடைசிவரைக்கும் கொஞ்சம் இடறும்னு சொல்லுவாங்க.

இன்னைக்கும் உடங்குளத்துல மணி கணுக்காலுக்குத்தான். கட்டினதும் மேளம் நிக்கும். சாமியாடியோட அக்காளோ தங்கச்சியோ வாருக்குள்ள விரல் விடணும். "பேச்சித்தாய் விரல் போகுதா?"ன்னு மேளக்காரர் கேப்பார். "போகுது"ன்னு அவ சொன்னாத்தான் மேளத்துல அடி விழும்.

போன கொடைக்குத் தங்கச்சிக்காரி திருப்பூர்ல இருந்து வந்த பஸ் லேட்டு. ஊரே காத்து நின்னுச்சு. மாடனும் நின்னார்.