ஓடுபாதை ஆறு அடி தள்ளியிருந்தது குறித்து நில அளவையர் கொடுத்த வாக்குமூலம்

என் பெயரும் கதவு எண்ணும் முதல் தாளிலேயே எழுதப்பட்டுவிட்டன. வயது ஐம்பத்தொன்று. விமான நிலையச் சுற்றுவேலிக்குப் பின்னால் உள்ள குடியிருப்பில், மூன்றாம் மாடியில், கணவருடனும் அவருடைய தங்கையுடனும் வசித்து வருகிறேன். நில அளவைத் துறையில் இருபத்தாறு வருடமாக வேலை. அலுவலகத்தில் எனக்கு மில்லிமீட்டர் என்று பட்டப்பெயர். அது பாராட்டு இல்லை என்பது எனக்குத் தெரியும். காவல் ஆய்வாளர் கேட்டதற்கு யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், அவர் வாங்கிக் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டு, பின்வருமாறு சொல்கிறேன்.

என் நாத்தனார் விமானி. விமான நிலையங்களில் புதிதாக வைக்கும் தரையிறக்கக் கருவிகளைப் பயணிகள் விமானங்களுக்குத் திறந்துவிடும் முன் ஓட்டிப் பார்ப்பது அவள் வேலை. எங்கள் விமான நிலையத்தில் இந்த வருடம் செயற்கைக்கோளை வைத்து வழிகாட்டும் கருவியைப் பொருத்தினார்கள். விமானியின் எதிரே திரையில் ஓர் ஊசி இருக்கும். ஊசி நடுவில் நின்றால் விமானம் ஓடுபாதையின் நடுக்கோட்டுக்கு நேராக இறங்குகிறது என்று அர்த்தம். சோதனையில் சக்கரம் தரையைத் தொடும்வரை அந்த ஊசியைத்தான் நம்ப வேண்டும். போன வாரம் அவள் மூன்று முறை இறக்கினாள். மூன்று முறையும் விமானம் நடுக்கோட்டுக்கு இடது பக்கம் இறங்கியது. கீழே நின்று பார்த்த தேர்வதிகாரி, கடைசி நேரத்தில் பயந்துபோய்க் கை இழுத்திருக்கிறது என்று முடிவு கட்டி, அவள் கோப்பில் மூன்று முறையும் ‘விமானியின் கைத் தவறு’ என்று எழுதிவிட்டார். நான்காவது முறையும் அப்படியே ஆனால் அவளுடைய சோதனை உரிமம் ரத்து. அந்த நான்காவது சோதனை இன்று காலை பதினொரு மணிக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சமையலறையில் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் வழக்கம்போல ஒன்றும் செய்யாமல் மேடைமேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். அப்போது அவள், “ஊசி நடுவுலதான் அண்ணி நின்னுச்சு. கீழ பாத்தா வெள்ளைக் கோடு மட்டும் வலது பக்கமா போகுது. மூணு தடவையும் ஆறு அடி” என்றாள். நான் கத்தியைக் கீழே வைத்தேன். மூன்று தடவையும் ஒரே அளவா என்று கேட்டேன். ஒரே அளவுதான் என்றாள். அவள் சொன்னதில் நான் நம்பிய முதல் விஷயம் அதுதான். கை தவறினால் ஒரு நாள் இரண்டடி தவறும், ஒரு நாள் ஒன்பதடி தவறும். மூன்று முறையும் அச்சடித்தாற்போல் ஆறடி தவற எந்தக் கைக்கும் வராது. பக்கத்தில் நின்றிருந்த என் கணவர் இரண்டு பேர் சொல்வதற்கும் தலையாட்டிவிட்டு வெங்காயத்தை நறுக்கி முடித்தார்.

அதன் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காரணத்தைத் தனக்குப் புரியும்படி சொல்லச் சொல்லி ஆய்வாளர் கேட்டார், சொல்கிறேன். நாம் நிற்கும் இந்த நிலம் வருடத்துக்கு ஏழு சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. வீடு, சாலை, வேலி எல்லாம் கூடவே நகர்வதால் யாருக்கும் தெரிவதில்லை. ஒவ்வொரு வருடமும் எல்லோர் பத்திரத்திலும் எண்ணை மாற்றிக்கொண்டிருக்க முடியாது என்பதால், இருபத்தாறு வருடத்துக்கு முன் எது எங்கே இருந்ததோ அந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையே எங்கள் துறை நிலையாக வைத்துக்கொண்டது. நிலம் நகர்ந்தாலும் எண் நகராது. செயற்கைக்கோள்களுக்கு இந்த ஏற்பாடு தெரியாது. அவை பூமி முழுவதற்கும் பொதுவான கணக்கில், இன்றைய தேதியில் இடத்தைச் சொல்கின்றன. கருவி பொருத்திய நிறுவனம் தன் நிலையத்தின் இடத்தை இன்றைய கணக்கில் கொடுத்திருந்தது. ஓடுபாதையின் எண்களை மட்டும் எங்கள் துறையின் பழைய அளவைத் தாளிலிருந்து எடுத்து அப்படியே ஏற்றியிருக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. இரண்டும் தனித்தனியே சரி, சேர்த்தால் தப்பு. இருபத்தாறை ஏழால் பெருக்கினால் நூற்று எண்பத்திரண்டு சென்டிமீட்டர், அதாவது ஆறடி. எங்கள் ஓடுபாதை வடமேற்காகப் போவதால் அந்த ஆறடியும் முழுதாக இடது பக்கத்தில் விழும்.

திங்கட்கிழமை விமான நிலைய மேலாளருக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னேன். அவர், “நாடு நகருதுன்னு நாத்தனாருக்காகச் சொல்றீங்களா மேடம்?” என்று சிரித்தார். ஓடுபாதையில் வைத்து அளந்து காட்டுகிறேன் என்றேன். விண்ணப்பம் கொடுங்கள், ஏழு வேலை நாள் ஆகும் என்றார். சோதனைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. விண்ணப்பமும் கொடுத்தேன், அதன் நகல் என்னிடம் உள்ளது.

இன்று காலை ஆறு மணிக்குப் புல் வெட்டும் ஆட்களின் வண்டியோடு சேர்ந்து பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே போனேன். அனுமதி இல்லாமல் போனது உண்மை. முதல் விமானம் ஏழே காலுக்குத்தான் என்று அட்டவணை பார்த்துக்கொண்டே போனேன் என்பதும் உண்மை. ஓடுபாதை முனையில் நடுக்கோட்டின் மேல் முக்காலியை நிறுத்தி, அதன் தலையில் அளவைக் கருவியைப் பூட்டினேன். இருபது நிமிடம் யாரும் அதைத் தொடக்கூடாது. பன்னிரண்டாவது நிமிடத்தில் காவலாளி விசிலடித்துக்கொண்டு ஓடி வந்து, “கையத் தூக்கு! அது என்ன மூணு கால்ல நிக்குது?” என்று கத்தினார். நான் கையைத் தூக்கினேன். “இன்னும் எட்டு நிமிஷம் தம்பி, நீங்க குதிச்சா அளவு கெட்டுப்போயிடும்” என்றேன். அவர் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லி ஓடுபாதையை மூடச் செய்தார், காவல் நிலையத்துக்கும் தகவல் கொடுத்தார், ஆனால் குதிக்கவில்லை. ஐந்தாறு நிமிடம் நான் கையைத் தூக்கிக்கொண்டும் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டும் நின்றோம். அதன் பிறகு வெயில் கருவியின் மேல் விழுகிறது என்று தானாகவே தொப்பியைக் கழற்றிப் பிடித்தார். நல்ல மனிதர், அவர்மேல் எந்த நடவடிக்கையும் எடுக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

பழைய எண் சொல்லும் இடத்துக்கும் செயற்கைக்கோள் இன்று காட்டிய இடத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் எண்பத்து மூன்று சென்டிமீட்டர் வந்தது. அதற்குள் மேலாளர் பாதி முகம் சவரம் செய்த நிலையில் வந்து சேர்ந்தார். திரையில் எண்ணைக் காட்டினேன். கொஞ்ச நேரம் சிரிக்காமல் பார்த்தார். அதன் பிறகு சோதனையை மூன்று மணிக்குத் தள்ளிவைத்து, கருவி நிறுவனத்தின் பொறியாளர்கள் இரண்டு பேரை வரவழைத்துத் தனித்தனியே கணக்குப் போடச் சொல்லி, ஓடுபாதையின் எண்களை இன்றைய கணக்குக்கு மாற்ற ஏற்பாடு செய்தார். பிறகு என்னிடம், “ரொம்ப நன்றி மேடம், ஆனா கதவு தாண்டினதுக்குக் கேஸ் உண்டு” என்றார். நியாயம்தான்.

பழைய தாளையும் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். ஓடுபாதையை அளந்து எண் எழுதிய கையெழுத்து என்னுடையது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நான் செய்த முதல் பெரிய வேலை அது. எந்தக் கணக்கு முறை, எந்த ஆண்டு என்று எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. எங்கள் அலுவலகத்தில் யாருமே அந்தக் கட்டத்தை நிரப்புவதில்லை. எல்லா எண்ணும் ஒரே கணக்கு, இதைப் போய் எழுதுவார்களா என்று சீனியர்கள் சிரிப்பார்கள். சிரிப்புக்குப் பயந்து நானும் விட்டுவிட்டேன். அதில் எழுதியிருந்தால் யாரும் அந்த எண்ணை அப்படியே ஏற்றியிருக்க மாட்டார்கள். மில்லிமீட்டர் என்று பெயர் வாங்கியவள் ஆறடியைக் கோட்டை விட்டதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இதுவரை சொல்லி முடித்தபோது என் நாத்தனார் விமானி உடுப்போடு எனக்கு ஜாமீன் கொடுக்க நேராக இங்கே வந்தாள். முன்சக்கரம் வெள்ளைக் கோட்டின் மேலேயே உருண்டது என்றும் தேர்வதிகாரி உரிமத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்றும் சொல்லி, ஆய்வாளர் முன்னிலையில் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். நாற்காலி விழுந்தது. பிறகு என் வாக்குமூலத்தை எடுத்துப் படித்தாள். முகம் மாறிவிட்டது. “இந்தக் கட்டம் விஷயத்த எடுத்துடுங்க அண்ணி. நான்தான் பாஸ் ஆயிட்டேனே. உங்க வேலைக்கு வேட்டு வெச்சிடுவாங்க” என்றாள். ஆய்வாளரும், கதவு தாண்டிய வழக்குக்கு அந்தப் பகுதி தேவையில்லை, வேண்டுமானால் அடித்துவிடலாம் என்றார்.

நான் மறுத்துவிட்டேன். இன்றைய சோதனை இன்றைக்கு மட்டும்தான் பதில். போன வாரத்து மூன்று வரிகளும் அவள் கோப்பில் அப்படியே இருக்கின்றன. அவள் எந்த ஊருக்கு வேலைக்குப் போனாலும் அந்த மூன்று வரிகளைத்தான் முதலில் படிப்பார்கள். ஆகவே இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்றை அவள் கோப்பில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த மூன்று முறையும் அவள் தனக்குச் சொல்லப்பட்ட இடத்தில் சரியாகத்தான் இறக்கினாள். இடத்தைத் தப்பாகச் சொன்னவள் நான்.

மேற்கண்டவை நான் சொன்னபடியே எழுதப்பட்டு, எனக்கு உரக்கப் படித்துக் காட்டப்பட்டன. எல்லாம் உண்மை. எந்தப் பகுதியும் அடிக்கப்படவில்லை.

(ஒப்பம்)
வாக்குமூலம் கொடுத்தவர், நில அளவையர்

(ஒப்பம்)
ஜாமீன்தாரர், மேற்படியாரின் நாத்தனார். அடிக்கச் சொன்னேன், கேட்கவில்லை.