முள்ளு விரிய மாட்டேங்குது

இல்ல மீனாள் அக்கா, காசத் திருப்பிக் கேக்க வரல. போன வாரம் ஒங்க கடையில வாங்குன பேனா நல்லாத்தான் எழுதுது. முள்ளுதான் விரிய மாட்டேங்குது. யூடியூப்ல ஒரு ஆளு கீழ இழுக்கறப்ப லேசா அழுத்துறாரு, கோடு பட்டையா வருது. மேல போறப்ப மெல்லிசா ஆயிருது. எனக்கு எப்படி இழுத்தாலும் ஒரே நூலுதான். கல்யாணக் கார்டுல பேரெழுதி, ஓரத்துல கொடி வரைஞ்சு குடுக்கறேன்னு ஒத்துக்கிட்டேன் லா.

வெல கம்மியான பேனான்னா முள்ளு கொஞ்சம் வெறப்பாத்தான் இருக்கும்னு நீங்கதான சொன்னீங்க. அத நம்பித்தான் இருந்தேன்.

இதுவா? இது இன்னும் நல்லா வளைஞ்சு குடுக்கற முள்ளா? குடுங்க.

பாருங்க, இதுலயும் வரல. மை நல்லா எறங்குது, பட்டைதான் இல்ல. எங்க, நீங்க எழுதுங்க.

அழகா விரியுதே. நீங்க அழுத்துன மாதிரியே தெரியலையே. இல்லக்கா, முள்ளு ஒடைஞ்சிரும்னு பயந்துகிட்டு எழுதல. முழு பலத்தையும் போட்டுத்தான் அழுத்துறேன்.

இந்தாங்க, என் பழைய பேனாவுல எழுதிப் பாருங்க.

அதுலயும் வருதா.

இருங்க, எடது கையில புடிக்கறேன். கோணலாத்தான் போவுது. ஆனா பட்டையா வருது, பாத்தீங்களா.

தண்ணி வேணாக்கா. வேர்க்குது, அவ்வளவுதான். இல்ல, கை மரத்தெல்லாம் போவல, வலியும் இல்ல. கொஞ்ச நாளா சாவியத் திருப்ப முடியல. துணிக்கடையில வெட்டறப்ப கத்திரிக்கோலு நழுவுது. வேலக் களைப்புன்னு வீட்டுல சொல்லி வச்சிருக்கேன்.

எங்கண்ணன் ரூபேந்திரனுக்கும் கட்ட வெரல்லதான் ஆரம்பிச்சுச்சு. சட்டைப் பட்டன் போட முடியலன்னாரு, நாங்க சிரிச்சோம். அப்புறம் கை போச்சு, காலு போச்சு, பேச்சு போச்சு. கடைசில மூச்சு விடவே மெஷின் வச்சாங்க. போன வருஷம் தவறிட்டாரு. இது சில குடும்பத்துல தொடர்ந்து வரும்னு டாக்டர் அப்பவே சொன்னாரு.

நாளைக்கு எனக்கு ஆஸ்பத்திரில டெஸ்ட்டு. கோளாறு பேனாவுலதான்னு ஒங்க வாயால சொல்லிட்டீங்கன்னா போவாம இருந்துறலாம்னுதான், எங்க ஊரு தங்காக்லேர்ந்து பஸ் ஏறி வந்தேன்.