ஐந்தாம் கட்டளை

லெஸ்லி: சிரிக்காதே சுகிர்தம். நடுரோட்டுல நின்னு சிரிக்காதே. ரிக்ஷாக்காரன் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான்...

சுகிர்தம்: நான் எங்கேங்க சிரிச்சேன்? இருமல்...

லெஸ்லி: கோவில் ஐயர் வீட்டுல ஆரம்பிச்ச இருமல்! பிரிக்பீல்ட்ஸ்ல பாதி தாண்டியாச்சு, இன்னும் நிக்கலை.

சுகிர்தம்: பின்ன என்னங்க? கடல் தாண்டி இருக்கிற நம்ம சபைக் காலேஜுக்கு ஆள் எடுக்க ஐயர் உட்கார்ந்திருக்கார். "தம்பி, பத்துக் கட்டளையில எந்தக் கட்டளையைக் கைக்கொள்ள உங்களுக்குக் கஷ்டமா இருக்கு?"ன்னு அன்பாத்தான் கேட்டார். நீங்க—

லெஸ்லி: போதும்.

சுகிர்தம்: —நெஞ்சுல கையை வெச்சு, "ஐந்தாம் கட்டளைதான் ஐயரே, வாரத்துக்கு ஒரு தடவையாவது மீறிடுறேன்"—

லெஸ்லி: தகப்பனையும் தாயையும் கனம்பண்ணுவாயாக! அதுதானே அஞ்சாவது? சண்டே ஸ்கூல்ல பிரம்படி பட்டுப் படிச்சது!

சுகிர்தம்: அது உங்க பழைய மெதடிஸ்ட் கோவில்ல. எங்க லுத்தரன் ஞானோபதேசத்துல அஞ்சாவது, கொலை செய்யாதிருப்பாயாக.

லெஸ்லி: வாரத்துக்கு ஒரு கொலை...

சுகிர்தம்: ஐயரம்மா கையில இருந்த கோப்பை அப்படியே நழுவிடுச்சு.

லெஸ்லி: மோசே கொண்டுவந்தது ஒரே கற்பலகைதானே? சபைக்குச் சபை நம்பர் எப்படி மாறும்?

சுகிர்தம்: ரெண்டு கற்பலகைங்க. அதுவும் தப்பு.

லெஸ்லி: சுகிர்தம்!

சுகிர்தம்: கோவிச்சுக்காதீங்க. நீங்க விக்கிரகம் செய்யாதேங்கறதைத் தனியா ஒரு கட்டளையா எண்ணுவீங்க. நாங்க அதை முதல் கட்டளையோடயே சேர்த்துடுவோம். அதனால பின்னாடி உள்ளதெல்லாம் ஒண்ணு முன்னே வந்துடும்.

லெஸ்லி: அப்போ ஒன்பதுதான் வரும்?

சுகிர்தம்: கடைசியில இச்சியாதேங்கறதை ரெண்டாப் பிரிச்சுக்குவோம். அடுத்தவன் வீடு தனி, பெண்டாட்டி தனி.

லெஸ்லி: நல்லா இருக்கு லா, உங்க கணக்கு! உங்க சபைக்கு மாறி வந்ததுலேர்ந்து ஆறு மாசமா எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தே. பாட்டு சொல்லிக்கொடுத்தே, ஜெபம் சொல்லிக்கொடுத்தே, எப்போ எழுந்திருக்கணும், எப்போ உட்காரணும்னுகூடச் சொன்னே. இதை ஏன் சொல்லலை?

சுகிர்தம்: மறந்துபோச்சுங்க. பொறந்ததுலேர்ந்து அப்படியே எண்ணிப் பழகினவளுக்கு, வேற மாதிரி எண்ணுறவங்க உண்டுன்னு அப்போ ஞாபகம் வரலை. ஆனா நீங்க அதோட நிறுத்தினீங்களா? ஐயர் பாவம், முகத்தைத் துடைச்சுக்கிட்டு, "சரி, ஆறாவது எப்படி?"ன்னார்—

லெஸ்லி: அதைச் சொல்லாதே. கும்பிட்டுக் கேக்கறேன்.

சுகிர்தம்: —"செய்கையால மீறினதில்லை ஐயரே. எங்க ஹெட்மாஸ்டரைப் பார்க்கும்போது மட்டும் மனசுல ஆசை வரும்..."

லெஸ்லி: நான் சொன்னது கொலையை!

சுகிர்தம்: அவருக்குக் கேட்டது விபசாரம்!

லெஸ்லி: ஐயோ... பாதிப் பல்லு போன மனுஷன் அவர்...

சுகிர்தம்: ஐயர் தன் கோப்பையில மிச்சமிருந்த காப்பியையும் குடிக்கலை.

லெஸ்லி: போனது போகட்டும், விடு.

சுகிர்தம்: எப்படிங்க விடுறது? மலாயா சபைகள் எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு இடம். கிள்ளான் சபைப் பையன் ரயில்வே வேலை கிடைச்சதும் வரலைன்னுட்டான். போட்டிக்கு ஆளே இல்லை. ஒத்தை ஆளா ஓடி ரெண்டாவதா வந்த ஆள் நீங்கதான்!

லெஸ்லி: அந்தக் காலேஜ்ல அப்படி என்னதான் இருக்கு?

சுகிர்தம்: என்ன இல்லைன்னு கேளுங்க. கூரை வரைக்கும் புத்தகம் அடுக்கின லைப்ரரி. ஸ்வீடன் தேசத்துப் புரொபசர் வேட்டி கட்டிக்கிட்டுத் தமிழ்ல பாடம் எடுப்பாராம். வெள்ளிக்கிழமை ஆனா விவாத சபை. சாப்பாட்டுக்கு எல்லாரும் ஒரே பந்தி, யாரும் யார்கிட்டயும் சாதி கேக்கக் கூடாது. அவங்கவங்க தட்டை அவங்கவங்களே கழுவணும்.

லெஸ்லி: தட்டா? நானா?

சுகிர்தம்: புரொபசரே கழுவுவாராம்.

லெஸ்லி: நீ என்னமோ நேர்ல பார்த்துட்டு வந்தமாதிரி சொல்றே.

சுகிர்தம்: ஐயரம்மா படிச்ச இடமாச்சே. பொம்பளைங்க விடுதியில ராத்திரி விளக்கணைச்ச பிறகும் பேசிக்கிட்டே கிடப்பாங்களாம். சொல்லும்போதே அவங்க முகம் சின்னப் பிள்ளை முகமா ஆயிடும்... இருங்க. இருங்க...

லெஸ்லி: என்ன?

சுகிர்தம்: லெந்து நோன்பு நாள்ல ஐயர் கட்டளைகளை ஒவ்வொண்ணா எடுத்துப் பிரசங்கம் பண்ணினாரே.

லெஸ்லி: பண்ணினாரா?

சுகிர்தம்: நீங்க முன் பெஞ்சுல இருந்தீங்க. ஆறாவது கட்டளை, விபசாரம் செய்யாதிருப்பாயாகன்னு அவர் ஆரம்பிச்சதும், பொம்பளைங்க பக்கம் திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணடிச்சது யாருங்க?

லெஸ்லி: கண்ணுல தூசி...

சுகிர்தம்: உங்களுக்கு நம்பர் தெரியும்!

லெஸ்லி: மெதுவாப் பேசு...

சுகிர்தம்: தெரிஞ்சேதான் சொல்லியிருக்கீங்க!

லெஸ்லி: சரி... தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்.

சுகிர்தம்: ஏங்க?

லெஸ்லி: ரெண்டு வருஷம், சுகிர்தம். நடுவுல ஒரு கடலு. நீ இங்கே தனியா, நான் அங்கே தட்டுக் கழுவிக்கிட்டு... நீ அவ்வளவு ஆசையாச் சொல்லிக்கொடுக்கும்போது போகமாட்டேன்னு சொல்ல வாய் வரலை. ஐயர் வாயாலேயே வேண்டாம்னு வரட்டும்னு நினைச்சேன்.

சுகிர்தம்: அதுக்குக் கொலைகாரன்னு பேர் வாங்கணுமா?

லெஸ்லி: போகமாட்டேன்னு உன்கிட்ட சொல்றதுக்கு அது தேவலை. ஹெட்மாஸ்டர் விஷயம் மட்டும் கொஞ்சம் கை மீறிடுச்சு... கோவமா?

சுகிர்தம்: இல்லைங்க.

லெஸ்லி: அப்போ ஏன் சிரிப்பு நின்னுபோச்சு?

சுகிர்தம்: ஒண்ணுமில்லை.

லெஸ்லி: நான் வெளியே வந்த பிறகு ஐயர் வீட்டுல அவ்வளவு நேரம் என்ன பண்ணினே? மரத்தடியில நின்னு நின்னு கால் கடுத்துப்போச்சு.

சுகிர்தம்: கோப்பைச் சில்லைப் பொறுக்கினேன்.

லெஸ்லி: ஒரு கோப்பைக்கா அவ்வளவு நேரம்?

சுகிர்தம்: "இவருக்கு யாரம்மா சொல்லிக்கொடுத்தது?"ன்னு ஐயர் கேட்டார். நான்தான்னேன். "அப்போ நீ சொல்லு"ன்னார். பத்தையும் சொன்னேன், ஒவ்வொண்ணுக்கும் கருத்தோட.

லெஸ்லி: சபாஷ்! குடும்ப மானத்தைக் காப்பாத்திட்டே.

சுகிர்தம்: அப்புறம் இங்கிலீஷ்ல கேட்டார். கணக்கு கேட்டார்.

லெஸ்லி: உன்கிட்ட எதுக்குக் கணக்கு?

சுகிர்தம்: நீங்க சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் பண்ணின வருஷம்தானே நானும் பண்ணினேன். கல்யாணத்துல எல்லாரும் மறந்துட்டாங்க... ஐயரம்மா மறக்கலை. "புருஷன் சம்மதிப்பாரா?"ன்னு கேட்டாங்க. "படிப்புன்னா அவருக்கு உயிரும்மா, இல்லேன்னா அதுக்காக சபை மாறி வருவாரா?"ன்னேன்.

லெஸ்லி: சுகிர்தம்...

சுகிர்தம்: அடுத்த மாசம் போர்ட் ஸ்வெட்டென்ஹாம்ல கப்பல் ஏறப்போறது நான்தாங்க, ஐயர் கைகொடுத்துச் சொல்லிட்டார், நானும் சரின்னுட்டேன்... என்னை விட்டுட்டு ரெண்டு வருஷம் இருக்க முடியாதுங்கறதை, காலையில வீட்டை விட்டுக் கிளம்பும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?